போலி நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள்: அறிதலும் அகற்றலும்

முன்னுரை

நச்சுநிரலை (வைரஸ்) நீக்குவதாகக் கூறித் தானே கேடு விளைவிக்கும் மென்பொருள், கணினியின் குறையைவிடப் பயனரின் அச்சத்தையே மிகுதியும் பயன்படுத்துகிறது. ‘வின்ஃபிக்சர்’ முதலியவற்றை இவ்வாறு விற்றோர்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஏமாற்றப்பட்டதாக அது கூறியது. இந்தியாவில், போலி எச்சரிக்கை காட்டித் தொலைபேசிவழிப் பணம் பறித்தோர்மீது 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை நடவடிக்கை எடுத்தது.

அறியும் முறை

இணையப்பக்கம் ஒன்று தானாகக் கணினியின் வன்தட்டு முழுவதையும் ஆராய இயலாது. எனவே, உலாவியில் சில நொடிகளில் தோன்றும் நச்சுநிரல் பட்டியல் பொய்யே. பயனர் நிறுவாத மென்பொருள் எச்சரித்தல், உடனே பணம் கேட்டல், அழைக்குமாறு தொலைபேசி எண் தருதல் ஆகியனவும் போலியின் அடையாளங்களாகும்.

அகற்றும் முறை

1. அச்சாளரத்தின் எப்பொத்தானையும் அழுத்தாமல் இணைய இணைப்பைத் துண்டித்து, ‘டாஸ்க் மேனேஜர்’ வழியே உலாவியை மூடுதல் வேண்டும்.

2. மென்பொருள் நிறுவப்பட்டிருப்பின், ‘சேஃப் மோட்’ நிலையில் கணினியை இயக்கி அதனை நீக்குதல் வேண்டும்.

3. பின்னர், நம்பகமான கருவியால் கணினி முழுவதையும் சோதித்தல் வேண்டும். இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இத்தகைய கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

4. கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுதல் வேண்டும். பணம் இழந்திருப்பின், வங்கிக்கும் 1930 என்னும் எண்ணிற்கும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

முடிவுரை

வலங்கைமான் போன்ற காவிரிப்படுகை ஊர்களில் திரட்டிய களஆய்வு ஒலிப்பதிவுகளும் ஆய்வேட்டு வரைவும் ஒரே கணினியில் இருப்பின், அச்சம் எளிதில் பணமாக மாற்றப்படும். இணைப்பற்ற வன்தட்டில் மறுபடி வைத்திருப்போர், எச்சரிக்கையைப் பதற்றமின்றி ஆராய்ந்து தெளிய இயலும்.