காகம் என் முகத்தை மறக்கவில்லை

வீட்டில் சமைத்ததும் முதல் பிடிச் சோற்றைக் காகத்திற்கு வைக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். 'கா, கா' என்று அழைத்ததும் வருவது நேற்று வந்த அதே காகம்தானா? அது உங்களை அறிந்து வருகிறதா, சோற்றை மட்டும் அறிந்து வருகிறதா? இயற்பியல் கற்பிக்கும் என்னைப் பறவையின் பக்கம் திருப்பியது இந்தக் கேள்விதான்.

காகங்கள் ஒன்றுபோலவே தோன்றும். ஆணையும் பெண்ணையும்கூடப் பார்த்துப் பிரித்தறிவது கடினம். ஆனால், எங்கள் மொட்டை மாடிக்கு வந்த ஒரு காகத்திற்கு வலது காலில் நடுவிரல் இல்லை. 'மூணுவிரல்' என்று அதற்குப் பெயர் வைத்தோம்.

2019 ஜனவரியில் ஆய்வைத் தொடங்கினேன். தினமும் காலை 7 மணிக்குக் கைப்பிடிச் சுவரில் சோறு வைத்துவிட்டு விலகி நிற்பேன். நான் எவ்வளவு அருகில் நின்றாலும் அது அஞ்சாமல் உண்கிறது என்பதை அளந்து குறிப்பேட்டில் எழுதினேன். முதல் வாரம் 9 மீட்டர். பிப்ரவரியில் 4 மீட்டர். மார்ச் இறுதியில் 1 மீட்டர். வரைபடத் தாளில் கோடு அழகாக இறங்கியது. நட்பையும் அளக்கலாம் என்று மகிழ்ந்தேன்!

ஏப்ரலில் மூணுவிரல் தன் துணையுடன் எங்கள் வேப்பமரத்தில் கூடு கட்டியது. மே இறுதியில் ஒரு நாள், சரியாகப் பறக்கத் தெரியாத குஞ்சு ஒன்று தரையில் கிடந்தது. மதில்மேல் பூனை ஒன்று காத்திருந்தது. ஓடிச்சென்று குஞ்சை எடுத்துத் தாழ்ந்த கிளையில் வைத்தேன். மறுகணம் என் தலையில் 'சுரீர்' என்று ஒரு கொத்து! கொத்தியது மூணுவிரலேதான். மறுநாள் என்னைக் கண்டதும் அது கூச்சலிட்டது. மற்றக் காகங்களும் சேர்ந்துகொண்டன. வரைபடக் கோடு ஒரே நாளில் 15 மீட்டருக்குத் தாவியது.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும், கேள்விக்கு விடை காண இதுவே வாய்ப்பல்லவா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுதானே சோதனையின் விதி! என் சட்டையை அணிந்துகொண்டு பக்கத்து வீட்டு நண்பர் சோறு வைத்தார்; காகம் அமைதியாக உண்டது. அவர் சட்டையில் நான் சென்றேன், கூச்சல்! குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு சென்றேன், கூச்சல் இல்லை. அப்படியானால் அது அறிந்தது என் முகத்தைத்தான் என்று தோன்றியது. ஆனால் ஒரே காகம், சில நாள் சோதனை. இதை மட்டும் வைத்து முடிவு கூறுவது அறிவியல் ஆகாது.

உறுதியான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் குழுவினர், 2006இல் சியாட்டில் நகரில் ஒரு குகைமனிதன் முகமூடியை அணிந்து 7 காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விட்டனர். பின்னர் அந்த முகமூடியை யார் அணிந்து நடந்தாலும் காகங்கள் கத்தின. வேறொரு முகமூடியை அவை பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பகை மறையவில்லை. பிடிபடாத காகங்களும் அதைக் கற்றுக்கொண்டன! அது அமெரிக்கக் காகம். நம் ஊர்க் காகத்தின் உறவினம்.

அந்த ஆண்டு முழுவதும் மூணுவிரல் 5 மீட்டருக்குள் வரவேயில்லை. கூட்டை விட்டிறங்கிய குஞ்சைப் பெற்றோர் தரையிலும் காத்து ஊட்டும் என்பதைப் பிறகே அறிந்தேன். பூனையை விரட்டியிருந்தாலே போதும்!

நண்பர்களே, உங்கள் வீட்டருகிலும் ஒரு மூணுவிரல் இருக்கலாம். இறகிலோ அலகிலோ ஓர் அடையாளத்தைத் தேடுங்கள். ஒரே நேரத்தில், சிறிதளவு உணவு வையுங்கள். நாள், நேரம், தூரம் மூன்றையும் குறியுங்கள். கூட்டையும் குஞ்சையும் தொடாதீர்கள். நீங்கள் காகத்தைக் கவனிக்கும்போது, காகமும் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது!