மழைக்கு முன் ஒரு நாள் வேலை... சொட்டுநீர்க் குழாய் அடைக்காது!

ஐப்பசியில் மழை பிடித்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகுதான் மறுபடியும் சுவிட்ச் போடுவார்கள். வாய்க்கால் பாசனமாக இருந்தால் அதனால் தொந்தரவு இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்தில் அப்படியில்லை. முதல் வரிசையில் தண்ணீர் நன்றாகச் சொட்டும். கடைசி வரிசையில் உள்ள செடிகள் காய்ந்து நிற்கும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் போர்வெல் தண்ணீரை நம்பி மல்லிகை, வாழை, தென்னை வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் தொடங்கும் முன்பே குழாயில் இருக்கும் தண்ணீரை முழுவதுமாக வடித்துவிடுவார்கள். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவிகிதம் விரிவடையும். அந்த அழுத்தத்தில் குழாய் வெடித்துவிடும். மார்கழிப் பனியிலும் நம் ஊரில் குழாய்த் தண்ணீர் உறையாது. ஆனால், மூன்று மாதம் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் இங்கே வேறு வழியில் குழாயைக் கெடுக்கிறது. அதனால், தண்ணீரை வடிக்கும் வேலை நமக்கும் உண்டு.

அடைப்பு எப்படி வருகிறது?

குழாயின் கடைசிப் பகுதிக்குப் போகப்போக தண்ணீரின் வேகம் குறையும். அதனால் வண்டலும் மணலும் அங்கேதான் தங்கும். உப்புத் தண்ணீராக இருந்தால், டிரிப்பர் வாயில் நிற்கும் துளி காயும்போது சுண்ணாம்புப் படிவு மட்டும் மிஞ்சும். கறுப்புக் குழாய் வெயிலில் சூடாவதால் உள்ளேயும் இது படியும். தேங்கிய தண்ணீரில் பாசியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலமும் வளரும்.

ஒரு டிரிப்பரைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு உப்பு. பச்சையாக, வழவழப்பாக இருந்தால் பாசி. செம்பழுப்பாக இருந்தால் இரும்பு.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

1. முதலில் மணல் வடிகட்டியைப் பின்னோட்டம் விட்டுக் கழுவ வேண்டும். திரை அல்லது டிஸ்க் வடிகட்டியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2. மோட்டாரை ஓடவிட்டு, சப்-மெயின் கடைசியில் உள்ள ஃப்ளஷ் வால்வைத் திறந்து, தெளிந்த தண்ணீர் வரும் வரை விட வேண்டும்.

3. பிறகு பக்கக் குழாய்களின் எண்ட் கேப்பை நான்கைந்து வரிசைகளாகத் திறந்துவிட வேண்டும். மொத்தமாகத் திறந்தால் அழுத்தம் குறைந்து, அழுக்கு வெளியே வராது.

4. வெள்ளைப் படிவு இருந்தால் அடுத்து ஆசிட் சிகிச்சை, இல்லையென்றால் தேவையில்லை.

5. கடைசியாக மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, எறும்பும் மண்ணும் புகாதபடி முனைகளை மூட வேண்டும். உரத்தொட்டி, வென்சுரியையும் காலி செய்ய வேண்டும்.

காய்கறிப் பயிர் முடிந்த வயலில் பக்கக் குழாய்களைச் சுருட்டி நிழலில் வைத்தால் எலிக்கடி, மண்வெட்டி வெட்டு இரண்டிலிருந்தும் தப்பும்.

ஆசிட் அளவு

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கண்மதிப்பில் ஊற்றக் கூடாது. 10 லிட்டர் போர் தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் எடுத்து, சிறிது சிறிதாக ஆசிட் சேர்த்து, பி.ஹெச் தாளில் 4 காட்டும் வரை பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 5 மில்லி தேவைப்பட்டால் லிட்டருக்கு அரை மில்லி. மோட்டார் நிமிடத்துக்கு 200 லிட்டர் இறைத்தால், நிமிடத்துக்கு 100 மில்லி. 15 நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். கடைசி டிரிப்பரில் சொட்டும் தண்ணீரும் பி.ஹெச் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் கழித்து முனைகளைத் திறந்து அலசிவிட வேண்டும்.

ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பாசிக்கு பிளீச்சிங் பவுடர் தெளிவு நீரைப் பயன்படுத்தலாம். ஆனால், அதையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும். இரும்புத் தண்ணீரில் பிளீச்சிங் கலந்தால் படிவு கூடும் என்பதால், அத்தகைய நிலத்துக்காரர்கள் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்டுச் செய்வது நல்லது.

ஒரு லிட்டர் பாட்டில் போதும்

மழை முடிந்து மோட்டார் போடும் முதல் நாளில் முதல், நடு, கடைசி வரிசைகளில் ஒவ்வொரு டிரிப்பருக்குக் கீழும் ஒரு லிட்டர் பாட்டிலை வைக்க வேண்டும். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் 15 நிமிடத்தில் பாட்டில் நிறைய வேண்டும். பாதிதான் நிறைகிறது என்றால், அந்தச் செடிக்குப் பாதித் தண்ணீர்தான் போகிறது.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75 சதவிகிதம் மானியத்தில் சொட்டுநீர் அமைத்துத் தருகிறார்கள். அதே நிலத்துக்கு மீண்டும் மானியம் பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை குழாய் உழைக்க வேண்டுமென்றால், புரட்டாசி முடிவதற்குள் இந்த ஒரு நாள் வேலையை முடித்துவிட வேண்டும்.