மழை வந்தால் மொட்டையாகும் மரம்

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே நைஜர் என்று ஒரு நாடு இருக்கிறது. ஆண்டில் மூன்று, நான்கு மாதம்தான் அங்கே மழை. ஜூனில் தொடங்கினால் செப்டம்பரில் முடிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் மரம் என்ன செய்யும்? மழைக்குத் தழைக்கும், கோடையில் இலை உதிர்க்கும் என்றுதானே சொல்வீர்கள்? அந்த ஊர்க் கம்பங்கொல்லைகளில் ஒரு மரம் நிற்கிறது. அது நேர் எதிர். மழை இறங்கியதும் இலையையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். மழை ஓய்ந்து, புல்லும் புதரும் காய்ந்து சருகான பிறகு பச்சைப் பசேலென்று துளிர்க்கும்.

ஹௌசா மொழி பேசும் உழவர்கள் அதைக் ‘காவோ’ என்கிறார்கள். அறிவியல் பெயர் ஃபைதெர்பியா அல்பிடா. நம் கருவேல மரத்துக்குச் சொந்தக்காரர்தான்; முள்ளைப் பார்த்தாலே சாடை தெரியும். வேர் மிக ஆழமாக இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டுவிடுவதால், கோடையைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இந்த வினோதப் பழக்கம் உழவருக்கு நல்லதாகப் போயிற்று. கம்பு வளரும் நேரத்தில் மரத்தில் இலை இல்லை. ஆகவே பயிருக்கு வெயில் குறையாது. கொட்டிய இலை மக்கி எருவாகும். வேர் முண்டுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். கோடையில் வேறெங்கும் பசுமை இல்லாதபோது, நிழலுக்கும் சுருள் சுருளான நெற்றுக்கும் ஆசைப்பட்டு ஆடுமாடுகள் மரத்தடியிலேயே கிடக்கும். சாணியும் புழுக்கையும் அங்கேயே விழும். அதனால்தான் காவோ மரத்தடியில் கம்பு செழித்து விளைகிறது. (கம்பு முதன்முதலில் பயிரானதே ஆப்பிரிக்காவின் அந்தப் பக்கம்தான். நம் கம்பங்கூழின் பூர்வீகம் அது!)

சரி, இந்த மரம் எதனால் ஆனது? மண்ணைத் தின்றா வளர்ந்தது?

சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் ஹெல்மான்ட் என்ற அறிஞருக்கும் இதே சந்தேகம் வந்தது. ஏறத்தாழ 90 கிலோ உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, இரண்டு கிலோ எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 75 கிலோவைத் தாண்டிவிட்டது. மண்ணை மறுபடி உலர்த்தி எடை போட்டால், குறைந்தது 60 கிராம்கூட இல்லை! தண்ணீர்தான் மரமாகிவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். கரியை எரித்தால் ஒரு வாயு வருகிறது என்று கண்டு சொன்னவரும் அவரேதான். அந்த வாயுவைத்தான் தன் தொட்டி மரம் ஐந்து ஆண்டுகளாகத் தின்றுகொண்டிருந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போயிற்று. பாவம்!

அந்த வாயுதான் கார்பன் டை ஆக்ஸைடு. இலை அதைக் காற்றிலிருந்து இழுத்து, வெயிலின் ஆற்றலைக்கொண்டு தண்ணீரோடு சேர்த்துச் சர்க்கரை ஆக்குகிறது. அந்தச் சர்க்கரைதான் பிறகு கட்டையாகவும் பட்டையாகவும் வேராகவும் மாறுகிறது. நன்றாகக் காய்ந்த மரக்கட்டையின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கிலோ கார்பனைச் சேர்த்துவைக்க, மரம் சுமார் 3.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடைக் காற்றிலிருந்து எடுத்தாக வேண்டும். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணமே காற்றில் இந்த வாயு கூடிப்போனதுதான். எனவே எந்த மரம் எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணக்குப் பார்க்கிறார்கள்.

காட்டில் கணக்குப் பார்க்கலாம். கொல்லைக்கு நாலு மரமாகவும், மேய்ச்சல் வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் நிற்பவற்றை யார் எண்ணுவது? பழைய செயற்கைக்கோள் படங்களில் தனி மரம் தெரியவே தெரியாது. கூர்மையான படங்கள் வந்த பிறகு, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பிராண்ட் உட்கார்ந்து, கிட்டத்தட்ட 90,000 மரங்களைக் கையால் குறித்து, ‘மரம் என்றால் இப்படி இருக்கும்’ என்று கணினிக்குப் பாடம் நடத்தினார். அந்தப் பொறுமைக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். 2020-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதியில் 180 கோடி மரங்கள் எண்ணப்பட்டன. 2023-இல், நாசா விஞ்ஞானிகளும் சேர்ந்து சகாராவுக்குத் தெற்கே கிழக்கு மேற்காகப் பரந்த பகுதியை எண்ணினார்கள். கிடைத்தவை ஏறத்தாழ 990 கோடி மரங்கள். வேரையும் சேர்த்து அவற்றிலுள்ள கார்பன் 84 கோடி டன்.

வகுத்துப் பாருங்கள். மரம் ஒன்றுக்கு 85 கிலோ அளவில் வரும். பரப்பளவோ சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர். அதாவது 100 கோடி ஹெக்டேர். ஹெக்டேருக்கு ஒரு டன்கூட வரவில்லையே! நல்ல மழைக்காட்டில் ஒரு ஹெக்டேரிலேயே 100 டன்னுக்கு மேல் இருக்கும். அப்படியானால் இந்த வறண்ட நிலத்தைப் பற்றிப் பேசுவானேன்? மழைக்காட்டுக்குள் கம்பு விதைக்க முடியாது. இங்கே மரமும் பயிரும் ஒரே கொல்லையில் வளர்கின்றன. இன்னும் நிறைய மரம் நிற்க இடமும் கிடக்கிறது.

இடம் இருந்தால் கன்று நட்டுவிடலாமே என்றுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டோனி ரினாடோவும் நினைத்தார். 1980-களின் தொடக்கத்தில் நைஜரின் மராடி பகுதியில் கன்று நட்டுப் பார்த்தார். பெரும்பாலும் பட்டுப்போயின. 1983-இல் ஒருநாள், மணலில் ஓட்டுவதற்காக வண்டிச் சக்கரத்தில் காற்றைக் குறைக்க இறங்கியவர், பக்கத்திலிருந்த புதரைக் குனிந்து பார்த்தார். அது புதரே அல்ல. வெட்டப்பட்ட மரத்தின் தூரிலிருந்து வந்த தளிர்! கண்ணுக்கெட்டிய தூரம் மண்ணுக்கடியில் வேர்கள் உயிரோடு கிடந்தன. ஆண்டுதோறும் உழவுக்கு முன் உழவர்கள் அதைப் புதர் என்று நினைத்து வெட்டி வந்தார்கள்.

பிறகு வேலை எளிது. தூருக்கு நாலைந்து நல்ல தளிர்களை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய வேர் ஏற்கெனவே இருப்பதால் நட்ட கன்றைவிட விறுவிறுவென்று வளரும். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மரமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று பழைய சட்டம் சொன்னது. தனக்குச் சொந்தமில்லாததை யார் காவல் காப்பார்கள்? அந்தப் பிடி தளர்ந்ததும், தன் கொல்லை மரம் தனக்குத்தான் என்று உழவர் நம்பத் தொடங்கினார். சுமார் 20 ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரங்கள் இப்படி எழுந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கழித்த கிளை அடுப்புக்குப் போகிறது. அதிலுள்ள கார்பன் புகையோடு காற்றுக்கே திரும்பிவிடும். ஆனால் வேரிலுள்ளது அங்கேயே இருக்கும்; அடுத்த தளிர் போன கார்பனை மறுபடி பிடிக்கத் தொடங்கும். செத்த வேரும் உதிர்ந்த இலையும் மண்ணில் கொஞ்சம் கார்பன் சேர்க்கின்றன. கொஞ்சம்தான். அது மணல் பூமி. களிமண்போல இறுகப் பிடித்துவைக்காது.

எல்லா மரமும் காவோவைப்போல் விட்டுக்கொடுக்காது. புர்கினா ஃபாசோவின் கொல்லைகளில் நிற்கும் ஷியா மரம் மழைக்காலத்தில் இலை அடர்ந்து நிற்கும். அதன் நிழலில் கம்பு குன்றிப்போகும். இருந்தாலும் அதை வெட்ட மனம் வராது. அதன் கொட்டையிலிருந்து பெண்கள் வெண்ணெய்போன்ற கொழுப்பை எடுக்கிறார்கள். வீட்டில் சமையலுக்கு ஆகும். மிச்சத்தை விற்றால் கைக்குக் காசு வரும். வெளிநாடுகளில் முகப்பூச்சிலும் சாக்லேட்டிலும் அதைச் சேர்க்கிறார்கள்.