அடுப்படி எங்கே வேண்டும் என்று கேட்டவர்

உயர்தர வகுப்பு மாணவிகளிடம் ஒருநாள் இலங்கைக் கட்டடக்கலைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லும்படி கேட்டேன். நான்கைந்து பேர் உடனே ஜெப்ரி பாவா என்றார்கள். கோட்டே பாராளுமன்றத்தை வடிவமைத்தவர், விடை சரிதான். இன்னொரு பெயர் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பாவா கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957 இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1948 இல், பிரித்தானியக் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினராகத் தெரிவான முதலாவது ஆசியப் பெண் நமது மலைநாட்டைச் சேர்ந்தவர். பெயர் மினெட் டி சில்வா. ஊர் கண்டி.

1918 இல் பிறந்த மினெட் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று சொன்னபோது, வீட்டில் யாரும் உடனே தலையாட்டவில்லை. தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி, பிற்காலத்தில் சுகாதார அமைச்சர். அவரையும் தாய்மாமனையும் இணங்க வைத்த பிறகே பம்பாய்க்குப் போக முடிந்தது. (பெற்றோர் இந்த இடத்தைச் சற்று நின்று வாசிக்கலாம்.) அங்கே காந்தியடிகளை விடுவிக்கக் கோரும் ஊர்வலத்துக்குப் போனதற்காகக் கல்லூரி மன்னிப்புக் கடிதம் கேட்டது. எழுத மறுத்தார், வெளியேற்றப்பட்டார். பின்னர் லண்டன் சென்று படிப்பை முடித்தார்.

தாயார் அக்னஸைப் பற்றி மலையகத்தவராகிய நாம் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சாட்சியம் அளித்த சங்கத்தின் முன்னணியில் இருந்தவர் அவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் அவர் தயங்காமல் பதில் சொன்னார். 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. மகள் லண்டனில் பெருமை பெற்ற அதே 1948 இல்தான் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

கண்டிக்குத் திரும்பிய மினெட் கட்டிய முதல் வீடு கருணாரத்ன குடும்பத்தினருடையது. 1949 இல் தொடங்கி 1951 இல் முடிந்தது. மலைச்சரிவில் நிலம். சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே வீட்டை மேலும் கீழுமாக அமைத்தார். கொங்கிரீட்டும் கண்ணாடியும் ஒருபுறம். மறுபுறம் தும்பறை நெசவாளர் நெய்த பாய், சுட்ட களிமண் ஓடு, அரக்கு வேலை. கிராமத்துக் கைவினைஞர்களை நவீன வீட்டுக்குள் அழைத்து வந்தார் என்று சொல்லலாம். இந்த முறைக்கு வெளிநாட்டு அறிஞர்கள் பெயர் சூட்டிக் கோட்பாடாக எழுதியது 1980களில். மினெட் தம் கருத்தை 1953 இலேயே கட்டுரையாக எழுதிவிட்டார்.

என் மனத்தில் அதிகம் நிற்பது அந்த வீடல்ல, 1958 இன் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம். கண்டியில் அரச ஊழியர்களுக்கான ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எல்லாரும் குடியேறப் போகிறார்கள். ஒரே வரைபடத்தைப் போட்டு 250 தடவை கட்டியிருந்தால் வேலை சுலபம். அவர் வினாக்கொத்துத் தயாரித்துக் குடும்பங்களிடம் கொடுத்தார்; அவர்களை அழைத்துப் பேசினார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை, எவ்வளவு செலவிட முடியும் என்று கேட்டறிந்து பல மாதிரி வீடுகளை வரைந்தார். முஸ்லிம் வீட்டில் விருந்தாளி அமரும் இடமும் பெண்கள் நடமாடும் இடமும் எப்படி அமைய வேண்டும் என்பது அந்த வீட்டு உம்மாவுக்குத்தானே தெரியும்!

இதை வாசிக்கும்போது லயத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, முதுகோடு முதுகாக மறு வரிசை. கொழுந்து பறித்துவிட்டு வந்து அதே காம்பிராவில் சமைத்து, பிள்ளை பெற்று, நோயாளியைக் கிடத்தியவள் பெண். அவளிடம் யார் கேட்டுக் கட்டினார்கள்? ஆனாலும் கிடைத்த தகரத்தாலும் பலகையாலும் பின்னால் ஒரு குசினியை இறக்கி, மண் பூசி மெழுகி, இஸ்தோப்பை மறைத்து வளர்ந்த மகளுக்கு ஒரு மூலை ஒதுக்கினாள். என் கணக்கில் அதுவும் கட்டடக்கலைதான். அதற்கு வரைபடமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பின்னர் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தன. வட்டபுளுவ வினாக்கொத்து ஒன்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் வந்தால், நம் தாய்மார் பக்கம் பக்கமாக நிரப்பிக் கொடுப்பார்கள்.

மினெட் ஏன் மறக்கப்பட்டார்? பிற்காலத்தில் வேலைகள் குறைந்தன. ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் கற்பித்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் 1996 இல்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு 78 வயது. தம் கதையைத் தாமே நூலாகத் தொகுத்தார். அது வெளிவந்த 1998 இலேயே காலமானார்.

அவர் படித்த அதே லண்டன் கல்லூரியில் பின்னர் படித்தவர் பக்தாத்தில் பிறந்த சஹா ஹதீத். கட்டடக்கலையின் மிக உயர்ந்த பிரிட்ஸ்கர் பரிசை 2004 இல் பெற்ற முதற் பெண் அவர். பாகிஸ்தானின் முதற் பெண் கட்டடக்கலைஞரான யாஸ்மின் லாரி, பெரிய நிறுவனங்களுக்குக் கண்ணாடி மாளிகைகள் கட்டியதை விட்டுவிட்டு, கிராமத்துப் பெண்கள் தாமே மண்ணால் கட்டிக்கொள்ளும் புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். உயர்ந்த மேடையில் அமைந்த அடுப்பு அது. குனிந்து ஊத வேண்டியதில்லை. 2023 இல் அவருக்கு அரச தங்கப் பதக்கம் கிடைத்தது.

இத்துறையை விரும்பும் மாணவிகளுக்கு ஒரு செய்தி: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்க உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும் காலத்தைத் தவறவிடாதீர்கள். சித்திரக் கொப்பியையும் எறிந்துவிடாதீர்கள். விடுமுறையில் உங்கள் வீட்டை அளந்து ஒரு தாளில் வரைந்து, அடுப்படி எங்கே இருந்தால் நல்லது என்று உம்மாவிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். நான் பார்க்கிறேன்.