மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்

கனடாவின் டொரொன்டோ நகரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்றோர் உள்விளையாட்டு அரங்கம். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த 1931-இல், ஐந்தே மாதங்களில் எழுந்தது. கட்டிய தொழிலாளர்களில் பலர் கூலியின் ஒரு பகுதியைப் பங்குப் பத்திரமாகப் பெற்றுக்கொண்டார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

ஐஸ் ஹாக்கிதான் அதன் உயிர். சொந்த அணியான மேப்பிள் லீஃப்ஸ் அங்கிருந்த காலத்தில் 11 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஹாக்கி மட்டுமல்ல, 1932-இல் சர்ச்சில் அங்கே உரையாற்றினார்; பின்னாளில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் பாடினார்கள். வியட்நாம் போரை எதிர்த்ததால் அமெரிக்காவில் மேடை கிடைக்காத குத்துச்சண்டை வீரர் முகமது அலி, 1966-இல் கனடா வீரர் ஜார்ஜ் சுவாலோவுடன் மோதியதும் இங்கேதான். 15 சுற்றுகள், சுவாலோ கடைசிவரை கீழே விழவில்லை!

1999-இல் அணி புதிய அரங்கத்துக்குக் குடிபெயர, கார்டன்ஸ் வெறிச்சோடியது. இடித்துவிடாமல் காத்தார்களே, அது பெரிய காரியம். 2011-இல் தரைத்தளம் லாப்லாஸ் பல்பொருள் அங்காடியானது. பழைய ஆடுகளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தை, கடைத் தரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டுகிறது. அதே கூரையின்கீழ், மேல்தளத்தில் பல்கலைக்கழகம் ஒன்று புதிய பனித்தளம் அமைத்தது. பெண்களுக்கான தொழில்முறை ஹாக்கி லீக்கின் முதல் ஆட்டம் 2024 புத்தாண்டு நாளில் அந்தத் தளத்தில்தான் நடந்தது.