நீரிழிவு நோயாளரும் தொலைக் கண்காணிப்பில் தேகப்பயிற்சியும்

நீரிழிவு நோயாளருக்கு மருத்துவர் தரும் சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கும்; அளவும் வேளையும் இருக்கும். தேகப்பயிற்சி மட்டும் பெரும்பாலும் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. "தினமும் சிறிது நடவுங்கள்" என்பதே அச்சொல். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், யார் மேற்பார்ப்பது என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை.

இது சிறு குறையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆதரவில் நிகழ்ந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. கேரளத்தில் வயது வந்தோருள் நூற்றுக்கு 25.5 பேர், அதாவது நால்வரில் ஒருவர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர்.

பயிற்சி எவ்வாறு உதவுகிறது? இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் கட்டளைக்குத் தசைகள் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. ஆயினும் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே குருதியிலுள்ள குளுகோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னும் இன்சுலின் நன்கு வேலை செய்யும் நிலை ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கும், பிறகு மறையும். ஆதலால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விடலாகாது என்பர். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு மூன்று நாள் தசை வலுப்படுத்தும் பயிற்சியும் பொதுவாக வகுக்கப்பட்ட அளவாகும்.

பல நாட்டுச் சோதனைகளை ஒன்றுதிரட்டி 2011-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இங்கே கருதத்தக்கது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை, அளவு வகுத்து மேற்பார்வையோடு பயிற்சி செய்தவர்களிடம் 0.67 புள்ளி இறங்கியது. உணவு அறிவுரையின்றிப் பயிற்சி அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை.

அப்படியாயின் எல்லாரும் பயிற்சிக்கூடம் செல்ல வேண்டியதுதானே என்று கேட்கலாம். தம்பானூரைச் சற்றே எண்ணிப்பாருங்கள். நாகர்கோவிலிலிருந்தும் குழித்துறையிலிருந்தும் புகைவண்டியில் வரும் நோயாளர்கள் இங்கே இறங்கி, பேருந்து மாறி மருத்துவக் கல்லூரிக்குச் செல்கின்றனர். ஒரு முறை போய்வர ஒரு நாள் கழிகிறது. கூலிக்காரருக்கு ஒரு நாள் ஊதியமும் கழிகிறது. வாரம் மும்முறை இது இயலுமா? ஆண்டில் இருமுறை பருவமழை வேறு. தாழ்ந்த பகுதியாகிய தம்பானூரில் நீர் தேங்கும்போது நடைப்பயிற்சியும் தடைப்படும்.

எனவே, மேற்பார்வையை வீட்டுக்கே அனுப்ப வழி தேட வேண்டும். சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நீரிழிவின் வாசலில் நின்ற 537 ஆடவரிடம் நிகழ்த்திய சோதனை 2013-ல் வெளியாயிற்று. கைப்பேசிக் குறுஞ்செய்தி பெற்றவருள் நூற்றுக்கு 18 பேருக்கும், பெறாதவருள் 27 பேருக்கும் ஈராண்டில் நோய் வந்தது. நல்ல பலனே. ஆயினும் அந்நன்மைக்கு உணவு ஒழுங்கே உதவியதென்றும், அது உடலுழைப்பைச் சார்ந்ததன்று என்றும் பின்னைய பகுப்பாய்வு கூறிற்று. செய்தி போய்ச் சேரும். செய்கிறவரைத் திரும்பிப் பார்க்காது.

தொலைக் கண்காணிப்பு என்பது அவ்வாறு பார்ப்பதாகும். முதலில் நோயாளர் நேரில் சென்று இதயம், கண், பாதம் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறித்த நாளில், குறித்த மணிக்கு, கைப்பேசியின் படத்திரையில் பயிற்சியாளர் தோன்றுவார். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், நின்ற இடத்தில் நடத்தல் ஆகியவற்றைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். பேச முடிந்து பாட முடியாத அளவு மூச்சு வாங்கினால் வேகம் சரி. பழகப் பழக வாரந்தோறும் அளவைக் கூட்டுவார். வராதவரை அழைத்துக் காரணம் கேட்பார்.

இதில் ஓர் ஆபத்தையும் மறைக்கலாகாது. இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடிய சில மாத்திரைகளோ கொள்பவர்க்குப் பயிற்சியின்போது மயக்கம் நேரலாம். தொலைவிலிருப்பவர் அதைக் காணலாம்; ஓடிவந்து தாங்க இயலாது. ஆகவே வீட்டில் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். தொடங்குமுன் சர்க்கரை 90-க்குக் கீழிருந்தால் சிறிது உண்டு தொடங்குக. நடுக்கமும் வியர்வையும் கண்டு, அளவு 70-க்குக் கீழ் இறங்கினால், உடனே நிறுத்தி ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவும். மார்பு வலித்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

படத்திரைக் கைப்பேசி இல்லாதவர்க்கும் வழி அடைபடவில்லை. சாதாரணத் தொலைபேசியில் வாரம் ஒருமுறை கணக்குக் கேட்பவர் ஒருவரும், வீட்டில் பார்த்துக் குறிப்பவர் ஒருவரும் அமைந்தால் தொடக்கத்துக்கு அதுவே உதவும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள்: எனக்கு ஏற்ற பயிற்சி எது? அதன் அளவு என்ன? யாரிடம் நான் கணக்குக் காட்ட வேண்டும்? இம்மூன்றின் விடைகளையும் மாத்திரைச் சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டுப் பெறுதல் நன்று.