முதலில் விழப் பழகுவோம்

ஜிம்னாஸ்டிக்ஸ் என்று சொன்னவுடன், காற்றிலே இருமுறை சுழன்று வந்து அசையாமல் நிற்கும் ஒரு வீரனின் உருவமே உங்கள் மனக்கண் முன் தோன்றும். என்னிடம் பயிற்சிக்கு வரும் ஏழெட்டு வயதுச் சிறுவர்களும் அதை எண்ணியே வருகிறார்கள். "பல்டி எப்போது சார்?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. நானோ பல வாரங்கள் அவர்களுக்கு விழுவதற்கே கற்றுக் கொடுக்கிறேன்.

விழுவதற்கும் ஒரு கல்வி வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். பின்புறமாகச் சாயும் எவரும் கைகளைப் பின்னே நீட்டி ஊன்றவே முயல்வர், அஃது இயற்கை. ஆனால் உடலின் பாரம் முழுவதும் நீட்டிய கையின்மேல் இறங்கினால் மணிக்கட்டோ முழங்கையோ முறியக்கூடும். ஆகவே மோவாயை மார்போடு சேர்த்து, கைகளை மார்பின்மேல் மடக்கி, முதுகை வளைத்துப் பந்துபோல் உருள வேண்டும். முதலில் குந்திய நிலையிலிருந்தும், பின்பு நின்ற நிலையிலிருந்தும், அதன்பின் தாழ்ந்த பெட்டியொன்றின் மேலிருந்தும் மெத்தைமீது இதைப் பழக்குகிறேன். மனம் நினைக்குமுன் உடல் தானே உருளும்வரை இப்பாடம் முடிவதில்லை.

அடுத்தது உடலின் கட்டு. மல்லாந்து படுத்து, இடுப்பின் பின்புறம் தரையோடு ஒட்டியிருக்க, தோள்களும் கால்களும் சற்றே உயரத் தோணிபோல் கிடக்க வேண்டும். எளிதென்று தோன்றுகிறதா? அரை நிமிடம் கிடந்து பாருங்கள்! இந்தக் கட்டுக் குலையாமல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது அடுத்த படி. இது சிரசாசனம் அன்று. தலை தரையைத் தொடுவதே இல்லை. ஆடவர் போட்டியில் தரை, பிடிகள் பொருத்திய குதிரை, வளையங்கள், தாவு மேசை, இணைக் கம்பிகள், உயர் கம்பி என ஆறு பிரிவுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இந்நிலையே அடிப்படை.

நடுவர்களின் கணக்கும் இதையே வற்புறுத்துகிறது. சர்வதேச விதிகளில் 2006ஆம் ஆண்டு முதல், செயலின் கடினத்துக்கு ஒரு மதிப்பெண்ணும், செய்யும் ஒழுங்குக்குப் பத்திலிருந்து கழித்துப் பெறும் மற்றொரு மதிப்பெண்ணும் உண்டு. சிறு குறைக்கு 0.1, நடுத்தரக் குறைக்கு 0.3, பெருங்குறைக்கு 0.5, விழுந்துவிட்டால் 1.0 கழியும். நடுத்தரக் குறை மூன்று சேர்ந்தால், ஏறக்குறைய ஒருமுறை விழுந்ததற்குச் சமம்.

சிறுவர்கள் மிகவும் சலித்துக்கொள்வது குதிரையில்தான். கைகளை மாற்றி மாற்றி ஊன்றி, சேர்த்த கால்களை வட்டமாகச் சுழற்ற வேண்டும். இதற்கு ஓர் அழகிய உபாயம் உண்டு. ஒரு வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டு, பாதங்களை அதில் வைத்துச் சுழலச் செய்வார்கள். கால்களின் பாரத்தை வாளி ஏற்றுக்கொள்ள, தோள்கள் பாதையைக் கற்றுக்கொள்ளும். கிணற்றடி வாளிக்கு இப்படியொரு பதவி! பிறகு காளான் வடிவத் தாழ்ந்த மேடை. அதன் பின்னரே குதிரை.

இனி நான் மிகவும் அஞ்சுகிற செய்திக்கு வருகிறேன். சிறுவர்களின் எலும்பு முனைகளுக்கருகே வளர்ச்சித் தட்டு என்னும் மென்மையான பகுதி உள்ளது. எலும்பு நீளுவது அங்கேதான். இவ்விளையாட்டில் மணிக்கட்டே பாதத்தின் வேலையைச் செய்கிறது. ஓய்வின்றிப் பாரம் ஏற்றினால், முன்கையின் ஆரை எலும்பிலுள்ள தட்டு நலிவுறும். சிலருக்கு அது காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ள, அந்த எலும்பு குட்டையாகிவிடும். வலியை மறைப்பவனே வீரன் என்று சிறுவர்கள் நினைக்கிறார்கள். கோப்பையை விரும்பும் பெற்றோரும் பயிற்சியாளரும் அந்த நினைப்பை வளர்த்தால், அது கொடுமை. மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒருவன் சொன்னால், அன்றே அவன் கை ஊன்றுவதை நிறுத்திவிடுகிறேன். கால்களுக்கும் வயிற்றுக்கும் பயிற்சி இருக்கவே இருக்கிறது. வலி நீடித்தால் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணமும் இல்லை. வளையங்களில் அசையாமல் நிற்கும் வலிமை ஆண்களுக்குப் பருவமடைந்த பின்னரே நிறைகிறது. ஜப்பானியரான கோஹெய் உச்சிமுரா 2012இல் லண்டனிலும் 2016இல் ரியோவிலும் ஒலிம்பிக் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். இரண்டாம் முறை வென்றபோது அவருக்கு வயது 27.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பையன்கள் திடீரென்று உயர்வார்கள். நேற்றுவரை கைவந்த சுழற்சி இன்று கைவராது. உயர் கம்பியைக் கண்டு பின்வாங்குவார்கள். அது கோழைத்தனம் அன்று. கைகால்களின் நீளம் மாறிவிட்டது. பழைய கணக்கு இப்போது பொருந்துவதில்லை. அத்தகையவனைத் தாழ்ந்த கம்பிக்குத் திரும்ப அழைத்து, முதுகில் கைகொடுத்துத் தாங்கி, பழைய ஊஞ்சலாட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். சில மாதங்களில், என் கையின் தாங்கல் குறைந்ததை அவன் கவனிப்பதுகூட இல்லை.